முளைப்பாரிக்கு எட்டு ராத்திரி வேண்டும்: திருவிழாக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர், தேனி, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் மாரியம்மன், காளியம்மன், முத்தாலம்மன் கோயில் திருவிழாவை எடுத்து நடத்தும் கமிட்டித் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், அம்பலகாரர்கள், ஊர்ப் பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

அண்ணன்மாரே, மாமன்மாரே, தம்பிமாரே,

திருவிழா நாளை ஊருக்கு அறிவிக்கும் சாட்டுதலுக்கு முன்னால் கூட்டம் போட்டு, தலைக்கட்டு வரி ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்று பேசி, மேளம், வாணவேடிக்கை, சீரியல் லைட், ரேடியோ செட், ஆடல் பாடல் என்று ஒவ்வொன்றுக்கும் தொகை ஒதுக்குகிறீர்கள். இருட்டறையில் மண்சட்டியில் விதை போட்டு முளை வளர்த்து, எட்டாம் நாள் பெண்கள் தலையில் சுமந்து அம்மனிடம் கொண்டுபோகிற முளைப்பாரிக்கு அந்த நோட்டில் ஒரு வரி இருப்பதில்லை. பொம்பளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறீர்கள். பார்த்துக்கொள்கிறோம்தான். ஆனால் மற்ற காரியங்களுக்காக நீங்கள் எடுக்கும் முடிவுகள் முளைப்பாரியையும் கும்மியையும் எங்கே அடிக்கின்றன என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரிவதில்லை. கூட்டத்தில் நாங்கள் இல்லை. அதனால் எழுதுகிறோம்.

முதலில் நாள் கணக்கு. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் வந்து திரும்பத் தோதாக இருக்கட்டும் என்று பல ஊர்களில் எட்டு நாள் திருவிழா மூன்று நாளாகச் சுருங்கிவிட்டது. மேளத்தை மூன்று நாளில் முடிக்கலாம். விதையை முடிக்க முடியாது. செவ்வாய் ராத்திரி முத்துப் போட்டால், அதாவது விதை போட்டால், மூன்றாம் ராத்திரிதான் எரு வெடித்து முளை தலை தூக்கும். ஐந்தாம் நாள் ஒரு சாண். ஏழு, எட்டாம் நாள்தான் முழம் தொடும். மூன்றாம் நாளே எடுக்கச் சொன்னால் தலையில் தூக்குவது வெறும் எருச் சட்டி.

தள்ளிப் போட்டாலும் கேடுதான். இருட்டில் வளரும் முளை விதைக்குள் இருக்கும் உணவை மட்டும் தின்று வளர்கிறது. பத்து நாளில் அது தீர்ந்துவிடும். தண்டு துவண்டு, நடுவிலிருந்து சாயத் தொடங்கும். ஆடல் பாடல் குழுவுக்கு வேறு தேதிதான் கிடைத்தது என்று கடைசி நேரத்தில் மூன்று நாள் ஒத்திவைத்தால் பாரி அம்மனிடம் போவதற்கு முன்பே படுத்துவிடும். முத்துப் போட்ட பிறகு நாளை மாற்றாதீர்கள். ஊர்க்காரர்கள் மூன்று நாள்தான் இருப்பார்கள் என்றால் கடைசி மூன்று நாளைக்கு வரட்டும். முதல் ஐந்து ராத்திரிக்கு ஊரில் இருக்கிற பெண்களே போதும். ஆனால் அந்த ஐந்து ராத்திரியும் திருவிழா நாள்தான் என்று நோட்டீஸில் போட வேண்டும்.

அடுத்தது அறை. முளைப்பாரி வீடு என்று தனியாக இருந்த ஓட்டு வீட்டையோ கூரைக் கொட்டகையையோ இடித்துவிட்டுத் தகரம் போட்ட மண்டபம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் தகரத்தின் அடியில் விதை அவிந்துபோகும். முளைக்காமல் பிசுபிசுத்து, புளித்த வாடை வந்தால் அது வெக்கையால் வந்த வினை. மண்டபத்துக்கு மேல் தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் பரப்பி, மதியம் ஒருமுறை நனைத்துவிட்டால் சமாளிக்கலாம். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மறைக்க வேண்டும். ஆனால் சுவரின் மேல் ஓரத்தில் காற்றுக்கு ஒரு சந்து இருக்க வேண்டும். காற்றே இல்லாத இருட்டு பூஞ்சைக்குத்தான் நல்லது.

உள்ளே டியூப் லைட் வேண்டாம். வெளிச்சம் பட்டால் முளை பச்சை பிடித்துக் குட்டையாக நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் எல்லாம் அந்தப் பக்கமாகச் சாயும். முளைப்பாரியின் அழகே அந்த வெளுத்த மஞ்சளும் நெருக்கமும் உயரமும்தான். தண்ணீர் தெளிக்கும் நேரத்துக்கு ஓர் அகல் விளக்கு போதும். காவலுக்கு ராத்திரி முழுக்க பல்பு எரிய வேண்டும் என்றால் அதை அறைக்கு வெளியே போடுங்கள்.

சட்டி, எரு, விதை இவற்றின் கணக்கையும் சொல்கிறோம். பட்ஜெட் போடும்போது உதவும்.

ஓர் அடி வாய் அகலமுள்ள மண்சட்டி ஒன்றுக்கு அடியில் இரண்டு விரல் உயரம் வைக்கோல், அதன் மேல் மூன்று விரல் உயரம் எருக்கலவை. கலவை என்பது நன்றாக மக்கிச் சலித்த மாட்டெரு இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. பச்சைச் சாணமோ பாதி மக்கிய எருவோ சேர்ந்தால் சட்டிக்குள் சூடு ஏறி வேர் வெந்துவிடும். கையை எருக் குவியலுக்குள் விட்டால் சூடு தெரியக் கூடாது, சாண வாடை வரக் கூடாது. மண் வாசம் வர வேண்டும். சில ஊர்களில் ஆட்டுப் புழுக்கையைத் தூளாக்கிச் சேர்ப்பார்கள். அதுவும் பழையதாக இருக்க வேண்டும்.

ஒரு சட்டிக்குக் கால் கிலோ விதை. கூட்டமாக வரட்டும் என்று அரைக் கிலோ கொட்டுவதுதான் புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு. விதைமேல் விதை ஏறினால் அடியில் இருப்பது மூச்சு விட முடியாமல் அழுகும். அந்த அழுகல் மேலே இருப்பதையும் கொண்டுபோகும். ஒரு விதைக்குப் பக்கத்தில் ஒரு விதை, ஒட்டினாற்போல, ஒரே அடுக்கு. மேலே அரை விரல் கனத்துக்கு எருப்பொடி தூவினால் போதும். 50 சட்டி வைக்கிற ஊருக்கு 12 முதல் 13 கிலோ விதை, இரண்டு மூட்டை எருக்கலவை, நாளைக்கு இரண்டு குடத்துக்கும் குறைவான தண்ணீர். ரேடியோ செட் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விதையைக் கமிட்டி மொத்தமாக வாங்கித் தருவதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. விதைக் கடையில் சிவப்பு, நீலம் என்று மருந்துச் சாயம் ஏற்றி விற்கும் விதை வேண்டாம். முளையை மாடு தின்னும், பிள்ளைகள் பிடுங்கி வாயில் வைப்பார்கள். பழைய தானியமும் வேண்டாம். மூட்டை வாங்கும் முன் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பாசிப்பயறும் தட்டைப்பயறும் இரண்டு நாளில் 85க்கு மேல் முளைத்தால் வாங்கலாம். 60 தான் வந்தது என்றால் மீதி 40 விதையும் சட்டிக்குள் அழுகப் போகிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையைச் சொல்லும்போது ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். முளைப்பாரியே அப்படியொரு சோதனைதான். நெல், சோளம், கம்பு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, உளுந்து, மொச்சை, துவரை, காணம் (கொள்ளு) என்று வீட்டுக்கு வீடு அவரவர் குதிரிலும் பானையிலும் இருந்த விதையைக் கொண்டுவந்து, ஒரே அறையில், ஒரே எருவில், ஒரே தண்ணீரில் வளர்த்தால் யார் வீட்டு விதைக்கு உயிர் இருக்கிறது என்று ஆடிப் பட்டத்துக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். பாரி செழித்தால் வெள்ளாமை செழிக்கும் என்று சொல்வது வெறும் நம்பிக்கை மட்டுமல்ல. அதனால்தான், எல்லாச் சட்டியையும் ஓரிடத்தில் காசு கொடுத்து வளர்த்து டெம்போவில் கொண்டுவந்து இறக்கிவிடலாம் என்ற யோசனை சில கமிட்டிகளில் எழும்போது எங்களுக்கு மனசு பதறுகிறது.

விதையை ஊறவைப்பதும் ஒரே நேரத்தில் முடிகிற வேலையல்ல. மொச்சையும் துவரையும் 12 மணி நேரம் ஊற வேண்டும். பாசிப்பயறுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும்; அதற்கு மேல் கிடந்தால் நொதித்துவிடும். ஊறியதை வடித்துத் துணியில் கட்டி, வெள்ளை முனை எட்டிப் பார்க்கும் நேரத்தில் எடுத்துப் போட வேண்டும். முளை நீண்டுவிட்டால் கை பட்டாலே ஒடியும், ஒடிந்தது வளராது.

தண்ணீர் காலையும் மாலையும் தெளிப்புதான், ஊற்றுவதல்ல. வேப்பங்குழையைத் தண்ணீரில் முக்கி உதறுவார்கள் பெரியவர்கள். சட்டிக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர். பல ஊர்களில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். பூஞ்சையை ஓரளவு அடக்கும். மண்சட்டி மிச்ச ஈரத்தைத் தன் உடம்பால் உறிஞ்சி வெளியே விடும். பிளாஸ்டிக் தட்டும் பேசினும் அதைச் செய்யாது. அடியில் தண்ணீர் தேங்கி, நாலாம் நாள் தண்டின் அடி நூலாக மெலிந்து கொத்துக் கொத்தாகச் சரியும். அப்படிச் சரிந்த கொத்தை உடனே அகற்றி, அந்த இடத்தில் உலர்ந்த எருப்பொடி தூவி, ஒரு வேளைத் தண்ணீரை நிறுத்த வேண்டும். இரண்டாம் நாள் வேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். தண்ணீர் தெளித்ததும் அது படிந்து மறைந்தால் வேரின் தூவி. மறையாமல், மேலே சிலந்தி வலை போலப் படர்ந்து சாம்பல் நிறமானால்தான் பூஞ்சை.

உயரமான பாரிக்கு எவர்சில்வர் குடம் பரிசு என்று அறிவிக்கிற வழக்கம் பரவி வருகிறது. தயவுசெய்து வேண்டாம். பரிசு என்றதும் யூரியாவைக் கரைத்து ஊற்ற ஆள் வந்துவிடுகிறது. சட்டி அளவு எருவில் ஒரு கரண்டி யூரியா வேரைக் கருக்கப் போதும். அதைவிடக் கேடு, ஒரே அறைக்குள் பக்கத்துச் சட்டியைப் பார்க்கும் பார்வை மாறிவிடுவது. ஒருத்தி சட்டி சரிந்தால் இன்னொருத்தி தன் சட்டியிலிருந்து ஒரு கொத்து எடுத்து ஊன்றிக் கொடுப்பதுதான் இதுவரை இருந்த முறை. பரிசுக் காசில் எல்லோருக்கும் ஆளுக்கொரு மண்சட்டி வாங்கித் தாருங்கள். பக்கத்து ஊர்க் குயவர் வீட்டிலும் அடுப்பெரியும்.

இனி கும்மி. எங்களுக்கு இதுதான் நெஞ்சு.

பெரிய கோயில்களில் கொடியேற்றத்துக்கு முன் பாலிகை என்னும் முளைப்பாத்திரத்தில் முளையிடுவது சிவாச்சாரியாரும் பட்டரும் மந்திரம் சொல்லிச் செய்கிற சடங்கு. ஊர் அம்மனுக்கு அதைச் செய்வது பெண்கள். இங்கே மந்திரம் கிடையாது, பாட்டுதான். கண்ணகி கல்யாணத்தில் பாலிகையும் முளைக்குடமும் ஏந்தி வந்த பெண்களைச் சிலப்பதிகாரம் பாட்டினர் என்றும் சொல்கிறது. முளையும் பாட்டும் அன்றிலிருந்தே ஒன்றாகத்தான் வருகின்றன. விதை போடுவதை முத்துப் போடுவது என்கிறோம். அம்மை போட்டவர் உடம்பில் இருப்பதையும் முத்து என்கிறோம். ஒரு சொல்லுக்குள் நோயும் விளைச்சலும் இருக்கின்றன, இரண்டுக்கும் அந்த அம்மனே பொறுப்பு. பெரியம்மை ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. முத்தை இறக்கித் தரச் சொல்லும் பாட்டு நிற்கவில்லை. அந்த இடத்தில் டெங்குவும் கொரோனாவும் வந்து உட்கார்ந்தன. பாட்டு அந்தந்த ஆண்டில் புதிதாகப் பிறப்பதால்தான் இது சாத்தியமாகிறது.

எப்படிப் பிறக்கிறது என்று சொல்கிறோம். பாட்டெடுப்பவர் ஒரு வரி சொல்கிறார். சுற்றி நிற்பவர்கள் அதையே திருப்பிச் சொல்லிக் கும்மி கொட்டுகிறார்கள். அந்தத் திருப்பிச் சொல்லும் நேரம்தான் அவர் அடுத்த வரி கட்டும் நேரம். கம்மாய் வறண்டிருப்பதைச் சொல்ல நினைத்து,

கம்மாயில் தண்ணியில்ல, கருவேல் முளைச்சிருக்கு

என்று எடுத்துவிட்டார் என்றால், இரண்டாம் எழுத்துக்கு எதுகை தேடி அடுத்த சுற்றுக்குள்,

சும்மாடு கூட்டிவந்தோம், சொல்லு தாயி மழை வரவே

என்று இறக்க வேண்டும். கிடைக்கும் அவகாசம் எட்டுக் கைத்தட்டு நேரம். அதற்குள் எதுகை, அம்மனிடம் ஒரு வேண்டுதல், இந்த ஊர், இந்த வருஷம், எல்லாம் ஒரு வரிக்குள் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கைகளால் காலங்காலமாக நடந்து வரும் கவிதைத் தொழில் இது.

ரேடியோ செட் பாடும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். 30 பெண்கள் ஆளுக்கு ஒரு மீட்டர் இடம் விட்டு நின்றால் வட்டத்தின் குறுக்களவு ஏறக்குறைய பத்து மீட்டர். பாட்டெடுப்பவர் சொன்னது எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்பதில்லை. பாதிப் பேர் திருப்பிச் சொல்கிறார்கள், பாதிப் பேர் வாயை அசைக்கிறார்கள், தட்டு குழம்புகிறது. வரி கட்ட அவகாசம் தரும் அந்த எட்டுத் தட்டே இல்லாமல் போகிறது. உடனே அவர் புது வரியை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பாடமான பழைய பாட்டுக்குத் தாவுகிறார். இரண்டு வருஷம் இப்படிப் போனால் மூன்றாம் வருஷம் யாரும் புது வரி கட்டுவதில்லை. அப்புறம், பொம்பளைகளுக்குப் பாட்டு மறந்துபோச்சு என்று பென்டிரைவில் போடுகிறீர்கள். மறக்கவில்லை, மாமா. கேட்காமல் போய்விட்டது.

சரி, மைக் தருகிறோம் என்கிறீர்கள். அது வேறொரு சிக்கல். ஸ்பீக்கர் 50 மீட்டர் தள்ளி வேப்ப மரத்தில் இருந்தால் குரல் அங்கிருந்து திரும்பி வரக் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு விநாடி ஆகும். பேச்சுக்கு அது பரவாயில்லை, தாளத்துக்கு ஆகாது. பக்கத்தில் நிற்பவர் நேர்க்குரலுக்குத் தட்டுவார், தள்ளி நிற்பவர் ஸ்பீக்கருக்குத் தட்டுவார். மைக் வேண்டவே வேண்டாம். தினமும் ராத்திரி எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை எல்லாச் சத்தத்தையும் நிறுத்தினால் போதும். பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலிருந்தே சொல்கின்றன. அதைக் காட்டி, பத்துக்கு மேல் கும்மியை வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களைத் தள்ள வேண்டாம். காலையில் களை எடுக்கவும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் நாங்கள்.

இடமும் பார்க்க வேண்டும். குறுக்கே 12 மீட்டர் திறந்த தரை வேண்டும். நடுவில் பாரி வைக்கும் இடம் போக, சுற்றி நகர வழி இருக்க வேண்டும். கோயில் முன்னால் சிமெண்டுக் கல் பதித்துவிட்ட ஊர்களில் பகல் வெயிலின் சூடு ராத்திரி எட்டு மணிக்கும் பாதத்தைச் சுடுகிறது. ஆறு மணிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் தணியும். புதிதாகப் பதிக்கப் போகிறவர்கள் கும்மி கொட்டும் வட்டத்தை மட்டும் மண்ணாகவே விட்டுவிடுங்கள். சீரியல் லைட் வயரைத் தரையில் ஓடவிடாதீர்கள்.

வட்டத்துக்குள் யார் என்ற பேச்சையும் மறைக்காமல் பேச வேண்டும். புருஷனை இழந்தவர்கள் பாரி எடுக்கக் கூடாது, வட்டத்துக்குள் வரக் கூடாது என்று சில ஊர்களில் இருக்கிறது. பாட்டு நிறையத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். வயதானவர்களில் பெரும்பாலோர் புருஷனை இழந்தவர்கள். அவர்களை ஓரத்தில் நிறுத்திவிட்டு, பாட்டு அழிகிறதே என்று வருத்தப்பட்டு என்ன பயன்? வேப்பிலை கட்டி நிற்கிற மாரி யாருடைய பூவையும் பொட்டையும் பார்த்து வரம் தருகிறவள் இல்லை. அவர்கள் வட்டத்துக்குள் நின்று பாட்டெடுக்கட்டும். எந்தத் தெருப் பாரியும் ஒரே அறையில் இருக்கட்டும், ஒரே வட்டத்தில் இறங்கட்டும். எட்டு நாளுக்குள் தீட்டு என்று ஒருத்தி விலகினால் அவள் சட்டியை இன்னொருத்தி பார்த்துக்கொள்வது எங்களுக்குள் நடக்கும் ஏற்பாடு. அதை மைக்கில் அறிவிக்கவோ அபராதம் பேசவோ கமிட்டிக்கு அவசியமில்லை.

செல்போனில் படம் எடுப்பதைப் பற்றி இரண்டே சொல். எடுங்கள், ஆனால் கேட்டுவிட்டு எடுங்கள். வலையேற்றினால் பாட்டெடுத்தவரின் பெயரை, அவர் சம்மதித்தால், போடுங்கள். குழுவினர் பாடிய கிராமியப் பாடல் என்று பொதுவாகப் போட்டால் அந்த வரியைக் கட்டியவர் யார் என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாமலே போகும்.

எடுக்கும் நாளன்று ஊர்வலத்தை மதியம் வைக்காதீர்கள். எட்டு நாள் இருட்டில் இருந்த முளைக்கு வெயிலைத் தாங்கும் தோல் கிடையாது. உச்சி வெயிலில் அரை மணியில் தலை தொங்கிவிடும். ஐந்து மணிக்கு மேல் புறப்படலாம். அதற்கு முன் அரை மணி நேரம் நிழலில் வைத்து, தண்ணீர் தெளித்து, வாழைநாரால் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் தலையில் ஆடினாலும் சரியாது. ஜிகினாத் தாள், தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ எதுவும் வேண்டாம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது என்பது ஒருபுறம். கம்மாயில் கரைத்த முளையை மறுநாள் ஆடு மாடு மேயும் என்பது இன்னொரு புறம்.

கம்மாய் வறண்டிருந்தால் தண்ணீர்த் தொட்டியைக் காட்டாதீர்கள். தொட்டியில் எருவும் வைக்கோலும் சேர்ந்து மூன்று நாளில் நாறும், அந்தத் தண்ணீரையே ஊர் புழங்க வேண்டிவரும். கம்மாய்க் கரையோரம் மூன்றடிக்கு மூன்றடி, இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டிப் பத்துக் குடம் தண்ணீர் ஊற்றிவைத்தால் 50 சட்டி முளையை வாங்கிக்கொள்ளும். குழி வெட்ட ஆள் அனுப்ப வேண்டியது கமிட்டி. சட்டி திரும்ப வீட்டுக்கு வரும். அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லியனுப்புங்கள், எங்களில் ஐந்து பேர் வருகிறோம். பேசப் பத்து நிமிஷம் போதும். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் மேளத்துக்கும் வாணவேடிக்கைக்கும் மேலே, "செவ்வாய் இரவு முத்துப் போடுதல், தினமும் இரவு 8 முதல் 9 வரை கும்மி" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சாட்டும் நாளைக் கொஞ்சம் முன்கூட்டியே முடிவு செய்து சொல்லுங்கள். செவ்வாய் ராத்திரி முத்துப் போட வேண்டுமென்றால் திங்கள் மதியமே மொச்சை தண்ணீரில் கிடக்க வேண்டும்.

இப்படிக்கு,
பாரி வளர்க்கும், பாட்டெடுக்கும், கும்மி கொட்டும் பெண்கள்